மோட்டார்த் தொழில் வளர்த்த சுந்தரம் ஐயங்கார்

உலகத்தாரால் பெரியோர் என்று போற்றப்படுவோர் பல திறத்தினர். நாடாண்டவர் ஒரு சாரார். நூல் செய்தவர் ஒரு சாரார். சமயத் தொண்டிலும் தேசத் தொண்டிலும் வாழ்நாளைச் செலவிட்டவர் மற்றொரு சாரார். இவர்களுடைய சரித்திரங்களை நாம் ஆர்வத்துடன் படிக்கின்றோம். ஆயின், ஊர் விட்டு ஊர் செல்லும் ஜனங்களையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் குறித்த வேளையில் பழுதின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஒருவரை அவ்வரிசையில் வைத்து எண்ணுவதற்கு நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். அத்தகைய ஒருவரே டி. வி. சுந்தரம் ஐயங்கார். டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்துக்களை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். அவ்வெழுத்துக்களுக்கு உரியவரின் வாழ்க்கையை அறிந்தாரோ மிகச் சிலரே. ஆதலின் அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தாம்பரத்தில் வசிக்கும் நமக்கு இவ்விஷயம் தொலைவானதன்று. புகைவண்டி நிலையத்துக்கு மேற்புறத்தே செல்லும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, கிண்டியிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்னும் ஊர்களைக் கடந்து செங்கற்பட்டு வழியே திருச்சிராப்பள்ளியை நோக்கிச் செல்கின்றது. இரவும் பகலும் ஓயாது அச்சாலையில் ஓடும் லாரிகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நம் மாணவர்கள் பாடம் படிக்கின்றனர். அவ்வண்டிகள் சுமந்து வரும் அரிசியும் பருப்பும் காய்கறியும் நமது உணவுச்சாலைக்கும் வந்து சேருகின்றன. லாரி ஒன்று வழியில் நின்றுவிட்டால் மட்டுமே அதனை நாம் திரும்பிப் பார்க்கின்றோம். ஒழுங்காக ஓடுங்கால் அதனைப்பற்றி நினைப்பதே இல்லை. நினைக்கப்படாத இவ்வொழுங்கைத் தென்னாட்டில் முதன்முதல் பெரிய அளவில் நிலைநாட்டியவர்களுள் சுந்தரம் ஐயங்கார் முதன்மையானவர்.

இவர் 1877-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ம் தேதி, திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்கு மலையின் அடிவாரத்தில், நம்பி பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற வைஷ்ணவ கே்ஷத்திரம் அவ்வூர். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி கற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழில்கள் என்று கருதப்பட்டவை இரண்டே: ஒன்று வக்கீல் தொழில், மற்றொன்று சர்க்கார் உத்தியோகம். தந்தையாரின் விருப்பத்தை மீறாது சுந்தரம் ஐயங்காரும் முதலில் சட்டத் துறையிலேயே புகுந்தார். பின்னர் இரயில்வேயிலும், அதன்பின் ஒரு பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். இம்மூன்றும் மதிப்புள்ளவை, மாதந்தோறும் வருவாய் தருபவை. எனினும் அவருடைய உள்ளம் அவற்றில் நிலைபெறவில்லை.

உத்தியோகத்தை விட்டு வியாபாரத்தில் இறங்குதல் அந்நாளில் எளிய காரியமன்று. வியாபாரங்களுள்ளும் அவர் தெரிந்துகொண்டது மோட்டார்த் தொழில். மோட்டார் வண்டி அப்பொழுது செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. அதனைச் செப்பனிடும் வேலையோ கையில் கரியும் எண்ணெயும் படும் வேலை. சட்டம் பயின்ற ஒருவர் அத்தொழிலை நாடிச் சென்றதைக் கண்டு உற்றாரும் ஊராரும் வியந்திருப்பர் என்று ஊகிப்பதில் பிழையில்லை. 1911-ம் ஆண்டில் அவருடைய ஸ்தாபனம் தோன்றியது. 1912-ல் மதுரையில் அவர் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். பின்னாளில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்று பெயர் பெற்ற அந்நிலையத்தின் கீழ், சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரால் பஸ்களும் லாரிகளும் பல வழிகளில் ஓடலாயின.

அக்காலத்துச் சாலைகளின் நிலையை இன்றைய மாணவர்கள் மனத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தார் போட்ட சாலை அருமை. கப்பிக்கல்லும் செம்மண்ணும் கலந்த பாதையில் கோடையில் புழுதி, மழையில் சேறு. மாட்டு வண்டிகளின் இரும்புப் பட்டைகள் அறுத்த பள்ளங்கள் ஒருபுறம்; மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் மற்றொருபுறம். காற்றடைத்த டயருக்கு இவ்வாணிகளைப்போல் பகை வேறில்லை. பிரயாணிகள் நடுவழியில் இறங்கி மர நிழலில் காத்திருப்பது அன்றாடக் காட்சி. வழியிலே கிடக்கும் ஆணிகளைக் கவர்ந்தெடுப்பதற்குப் பெரிய காந்தம் பூட்டிய வண்டியொன்றைச் சாலையில் முன்னதாக ஓட்டும்படி சுந்தரம் ஐயங்கார் ஏற்பாடு செய்தார் என்று மதுரை நாட்டில் பெருமையுடன் கூறுவர். துன்பம் வந்தபின் அதற்குப் பரிகாரம் தேடுவதைவிட, அது வருமுன்னரே தடுத்தல் மேல் என்னும் கொள்கை இச்செய்தியில் விளங்குகின்றது.

அவர் நடத்திய பஸ்களின் நேர ஒழுங்கோ பழமொழிபோல் ஆயிற்று. பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்று அந்நாளில் வாழ்ந்தோர் சொல்லி மகிழ்வதுண்டு. வண்டி நிறையும்வரை காத்திருந்து புறப்படுதலே மற்றையோர் வழக்கமாயிருந்த காலத்தில், ஒருவர் ஏறினும் ஒன்பதின்மர் ஏறினும் குறித்த நிமிஷத்தில் புறப்படுதல் என்பது நஷ்டத்துக்கு அஞ்சாத நெஞ்சுடையார்க்கே இயலும். ஆனால் நேரத்தோடு புறப்படுதல் பாதி வேலையே. நேரத்தோடு போய்ச் சேருதலே முழு வேலை. அதற்கு வண்டி வழியில் நில்லாதிருத்தல் வேண்டும். வண்டி வழியில் நில்லாதிருக்க வேண்டுமாயின், தேய்ந்த உறுப்புக்கள் முறியுமுன்னரே பட்டறையில் மாற்றப்படுதல் வேண்டும். ஆகவே அப்புகழ் பஸ் நிலையத்தில் பிறந்ததன்று, பட்டறையில் பிறந்தது.

பட்டறை வேலையின் தன்மையை அறியாதார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்காது. ஆதலின் ஒரு சிறு வேலையை எடுத்துக்காட்டுவோம். லாரியின் முன் அச்சில் சக்கரங்களுக்குப் புதிய பேரிங் பூட்டுதலே அது. மாட்டு வண்டியில் இரும்பு அச்சின்மேல் மரக்குடம் உராய்ந்து சுழலும். நடுவே வண்டி மை தடவுவர். குடம் கழன்று போகாதபடி கடையாணி தடுக்கும். மோட்டார் லாரியில் குடத்திற்குப் பதிலாக ஹப் என்னும் இரும்பு உறுப்பு உண்டு. அச்சின் முனைக்கும் ஹப்புக்கும் இடையே உள்ளே பெரியதொன்றும் வெளியே சிறியதொன்றுமாக இரண்டு பேரிங்குகள் இருக்கும். அவற்றிலுள்ள உருளைகள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் சாய்வாக அமைந்தவை. சுமையை மேலிருந்து தாங்குவதோடு, வண்டி வளைவில் திரும்புங்கால் பக்கவாட்டில் எழும் நெருக்கத்தையும் தாங்குவதற்காகவே இவ்வமைப்பு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வண்டி செய்து வாழ்ந்த ஹென்றி டிம்கென் என்பார் இதற்கு 1898-ல் உரிமைப் பத்திரம் பெற்றார்.

இந்தப் பேரிங் தேய்ந்தால் சக்கரம் ஆடும், ஓடும்போது முனகல் போன்ற ஓசை எழும், ஹப் கொதிக்கும். அப்பொழுதும் கவனியாது விட்டால் உருளைகள் உடைந்து, சக்கரம் இறுகி நிற்பதும் உண்டு. அச்சை விட்டுக் கழன்று ஓடுவதும் உண்டு. முன் சக்கரம் கழன்ற வண்டியைத் திருப்பி நிறுத்த எத்துணைத் திறமையுள்ள டிரைவராலும் ஆகாது. ஐம்பது உயிர்கள் அந்த உருளைகளின்மேல் அமர்ந்து பிரயாணம் செய்கின்றன என்று கூறினும் மிகையாகாது.

புதியதைப் பூட்டும் முறையைக் கேண்மின். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாது கீழே உறுதியான தாங்கியும் வைத்தல் வேண்டும். சக்கரத்தைக் கழற்றியபின் ஹப்பின் மூடியையும், கோட்டர் பின்னையும், நட்டையும், வாஷரையும் முறையே எடுத்தால் வெளிப் பேரிங் கையில் வரும். பின்னர் ஹப்பையே இழுத்தெடுக்கலாம். ஹப்பினுள் இறுகப் பதிந்திருக்கும் வெளி வளையங்களைப் பித்தளைத் தண்டு கொண்டு, ஓரிடத்திலேயே அடியாமல் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி வெளியேற்ற வேண்டும். எல்லா உறுப்புக்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அச்சின் முனையில் கீறலோ வெப்பத்தால் நீலம் பாய்ந்த தழும்போ உண்டா என்று பார்த்தல் அவசியம். பழைய வளையத்தோடு புதிய உருளைகளைச் சேர்த்தல் கூடவே கூடாது. வளையமும் உருளையும் ஒன்றுக்கொன்று இணையாகச் செய்யப்பட்டவை. ஒன்றைமட்டும் மாற்றிச் சிக்கனம் செய்தால் இரண்டும் கெடும்.

புதிய வளையங்களைக் கோணாமல் அடித்துப் பதித்தபின் கிரீஸ் இடும் வேலை வரும். மேலே தடவினாற் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் பருத்த பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபுறத்தில் கிரீஸ் பிதுங்கும்வரை உருளைகளின் இடுக்கெல்லாம் நிரப்ப வேண்டும். ஒரு மணல் துகள் கலந்தாலும் வேலை வீண். உள் பேரிங்கை வைத்து, புதிய ஆயில் சீலைப் பொருத்தி, ஹப்பை அச்சில் ஏற்றி, வெளிப் பேரிங்கும் வாஷரும் நட்டும் பூட்டிய பின்னரே மிஸ்திரியின் திறமை வெளிப்படும். ஹப்பை முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் தத்தம் இடத்தில் அமர்ந்தபின், நட்டைச் சிறிது தளர்த்த வேண்டும். மிக இறுகினால் வெந்து போகும். மிகத் தளர்ந்தால் ஆடித் தேயும். இருக்கவேண்டிய இடைவெளியோ ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறு முதல் ஐந்து கூறு வரையே. வண்டியைச் செய்தவர் குறித்த அளவே இதற்குப் பிரமாணம். கடைசியாகப் புதிய கோட்டர் பின்னைச் செருகி வளைத்துவிட வேண்டும். காலணாப் பெறாத அந்தக் கம்பித் துண்டே பழைய கடையாணியின் பேரன். சில மைல் ஓட்டியபின் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு மிகாமையைக் கண்ட பின்னரே வேலை முடிந்ததாகும்.

மூடியைப் போட்டுவிட்டால் இவ்வளவு உழைப்பும் கண்ணுக்கு மறைந்துவிடும். வண்டிக்கு வர்ணம் பூசினால் ஜனங்கள் புகழ்வர்; பேரிங் மாற்றியதைப் புகழ்வார் ஒருவரும் இலர். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய வேலைக்கு மனமுவந்து பொருளும் காலமும் செலவிடும் முதலாளியே நெடுநாள் நம்பிக்கைக்கு உரியவனாவான். டி. வி. எஸ். என்னும் பெயரைத் தென்னாட்டு ஜனங்கள் நம்பியதற்கு மூலகாரணம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

அந்நம்பிக்கைக்கு இரண்டாம் உலக மகாயுத்தம் பெருஞ்சோதனையாக வந்தது. 1942-ல் மலாய் நாடும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. மலாயிலிருந்து வந்த ரப்பர் நின்றது. பர்மாவிலிருந்து வந்த எண்ணெய் நின்றது. பெட்ரோல் அளவிட்டுக் கொடுக்கப்பட்டது. எங்கணும் பஸ்களும் லாரிகளும் ஓட வழியின்றி நின்றன. இந்நெருக்கடியில் சுந்தரம் ஐயங்கார் டி. வி. எஸ். காஸ் பிளான்ட் என்னும் கருவியை அமைத்துச் செய்வித்தார். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதனின்று எழும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி, அதனையே பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுள் செலுத்துவது இதன் முறை. பெட்ரோலால் ஓடும்போதுள்ள வலிமை இதில் இராது. காலையில் கரி மூட்டிச் சிறிது நேரம் காத்திருக்கவும் வேண்டும். சாம்பலை அடிக்கடி அகற்றவும் வேண்டும். ஆயினும் வண்டி ஓடிற்று. நோயாளி வைத்தியசாலைக்கும், விவசாயியின் தானியம் சந்தைக்கும் போய்ச் சேர்ந்தன. தேய்ந்த டயர்களுக்குப் புதிய ரப்பர் மேற்பூச்சு இட்டு மீண்டும் பயன்படுத்துவதற்கும் அவர் தொழிற்சாலை ஏற்படுத்தினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்னும் நிலையங்களும் அவரால் தோன்றியவை. இவற்றுள் சுந்தரம் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் வண்டிகளை விற்கும் பெரிய நிலையமாக விளங்கிற்று.

தொழிலில் உறுதி படைத்த அவருக்கு இல்வாழ்வில் துயரம் இல்லாமற் போகவில்லை. அவருடைய குமாரத்தி சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். இளமையிலேயே மணம் செய்விக்கப்பெற்றவர். டாக்டராயிருந்த கணவர் 1925-ல் பிளேக் நோயால் இறந்தார். விதவையான பெண் வீட்டின் மூலையில் ஒடுங்கியிருத்தலே குலவழக்கம் என்று எண்ணப்பட்ட நாள் அது. சௌந்தரமோ டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்தியடிகளின் முன்னிலையில் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளப்பட்டிப் பக்கத்தில் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் இன்றும் கிராமத் தொண்டுக்கு உறைவிடமாய் விளங்குகின்றது. தந்தை சாலைகளின் வழியே கிராமங்களை நகரங்களோடு இணைத்தார். மகள் அக்கிராமங்களுக்கே வைத்தியத்தையும் கல்வியையும் கொண்டுசென்றார். இருவர் பணியும் வேறாயினும் பயன் பெற்றோர் ஒரே ஜனங்களே.

முதுமையில் ஐயங்காரின் தொழில் நிலையங்கள் அவர்தம் குமாரர்களாகிய டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். ஸ்ரீநிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோரின் பொறுப்பில் வளர்ந்தன. 1955-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ம் தேதி, தமது 78-வது வயதில், கோடைக்கானலில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் அந்நிலையத்தார் வண்டி ஓட்டுவதோடு நில்லாது, வண்டியின் உறுப்புக்களையே இந்நாட்டில் செய்யத் தலைப்பட்டனர். சென்னைக்கு மேற்கே பாடியில் 1960-ல் வீல்ஸ் இந்தியாவும், 1961-ல் லூகாஸ் டி. வி. எஸ்.ஸும், 1962-ல் சுந்தரம் கிளேட்டனும் பிரேக்ஸ் இந்தியாவும் ஏற்பட்டன. சக்கரமும் பிரேக்கும் கப்பலில் வரும்வரை காத்திருந்த நாடு, அவற்றைத் தானே செய்துகொள்ளும் நாடாயிற்று. 1972-ல் சர்க்கார் பஸ் போக்குவரத்தை ஏற்றுக்கொண்டபோது, அவருடைய பஸ்கள் மதுரையைத் தலைமை இடமாகக் கொண்ட பாண்டியன் ரோட்வேஸ் என்னும் பொதுநிறுவனத்தின்பாற் சென்றன. தனியார் உடைமையாயிருந்த வண்டிகள் பொதுஜனங்களின் உடைமையாயின. உடைமை மாறினும், நேரத்தோடு ஓடும் பஸ்ஸை எதிர்பார்ப்பதற்கு ஜனங்கள் பழகிவிட்டனர். அப்பழக்கமே அவர் விட்டுச் சென்ற சொத்துக்களுள் சிறந்தது எனலாம்.

இச்சரித்திரத்தினின்று நம் மாணவர்கள் அறியவேண்டுவது யாது? கற்றவன் கையால் வேலை செய்தல் இழிவு என்னும் எண்ணம் நம் நாட்டில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. வக்கீலாயிருந்து, உத்தியோகஸ்தராயிருந்து, பின் மோட்டார்ப் பட்டறையை நாடிய ஒருவர் அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வினாலேயே மறுத்துக் காட்டினார். நம் அயலூராகிய குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்கள் 1949-ல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆப் டெக்னாலஜி, மோட்டார் வண்டி இயலைத் தனிப் பாடமாகவே கற்பித்தது. சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கிய காலத்தில் மிஸ்திரியின் காலடியிலன்றி வேறெங்கும் கற்கவியலாத வித்தை, 40 ஆண்டுகளுள் கல்லூரி வித்தையாக உயர்ந்துவிட்டது.

ஆனால் எல்லோரும் எஞ்சினீயராதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. ஆசிரியராயினும் மருத்துவராயினும் அலுவலகத்தில் கணக்கெழுதுபவராயினும், ஒவ்வொருவர் பொறுப்பிலும் மூடிக்குள் மறைந்து சுழலும் ஓர் உறுப்பு உண்டு. மாணவர் விடைத்தாளைப் பொறுமையுடன் படித்துத் திருத்துதல், நோயாளிக்கு மருந்தின் அளவை இரண்டாம் முறை சரிபார்த்தல், பதிவேட்டில் ஒரு வரியைப் பிழையின்றி எழுதுதல் ஆகிய இவற்றைப் புகழ்வார் இரார். இவை தவறினாலோ, நம்மை நம்பி ஏறியவர்கள் நடுவழியில் நிற்க நேரிடும். தேய்ந்ததை முறியுமுன் மாற்றுக. மாற்றுங்கால் முழுவதும் மாற்றுக. மிக இறுக்காமலும் மிகத் தளர்த்தாமலும் அமைக்க. முடிந்ததென்று எண்ணியபின் ஒருமுறை தொட்டுப் பார்க்க. பட்டறையின் இச்சிறு விதிகள் வாழ்க்கைக்கும் பொருந்துவனவே. இவற்றைக் கைக்கொண்டு, பிறர் நம்பத்தக்க வாழ்வை நம் மாணவர்கள் அடைவார்களாக.